காந்தல் குருசடியில் சித்தப்பாவுக்காக ஒரு பூசை

அப்பா இறந்ததிலிருந்து சித்தப்பாவோடு இழுத்துக்கொண்டிருந்த நில வழக்கு ஒருவழியாக முடிந்து, தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கேஸ் முடிந்தால் ஊட்டி காந்தல் குருசடியில், அதாவது அங்குள்ள திருச்சிலுவைக் கோவிலில், பூசை வைப்பதாக அம்மாவுக்கு நேர்ச்சை.

மே 3, திருச்சிலுவைத் திருவிழா. சீசன் நேரம் வேறு. இ-பாஸ் எடுத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஊர்ந்து ஏறினோம். மூட்டுவலியோடு அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். ஊட்டியில் இறங்கினால், காந்தலுக்கு ஆட்டோ கேட்ட காசு அநியாயம். நேர்ச்சைக்கு வருகிறவர்களிடம் இப்படியா பறிப்பது? கோவிலிலும் வரிசைக்கு நடுவே புகுகிறவர்கள், பீடத்துக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்கிறவர்கள். மனசு கொதித்தது.

பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசை என்று, எழுதும் இடத்தில் அம்மா சித்தப்பா பெயரைச் சொன்னார்.

"இறந்தவருக்குங்களா?"

"இல்லீங்க, உசுரோட இருக்காரு. அவரு குடும்பம் நல்லா இருக்கோணும்."

எனக்குத் தாங்கவில்லை. "நம்மள நடுத்தெருவுல நிறுத்துனவருக்காம்மா பூசை?"

"கேஸு முடிஞ்சா வெக்கறேன்னுதான் நேர்ந்தேன், கண்ணு. ஜெயிச்சா வெக்கறேன்னு நேரல."

ஆண்டவர் பாடுபட்ட சிலுவையின் சிறு துண்டு இங்கே அருளிக்கமாக, வணங்கிப் போற்றும் புனிதப் பொருளாக, இருக்கிறது. அதன் முன் முழந்தாளிட என் முறை வந்தது. 'உங்கள் பகைவரிடமும் அன்பு கூருங்கள்' என்று மலைமேல் சொன்னவர், இந்த மரத்தில் தொங்கிக்கொண்டுதானே 'தந்தையே, இவர்களை மன்னியும்' என்று வேண்டினார்? அப்போது அவரிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்? கீழே உட்கார்ந்து அவர் துணிக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவும்தான் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று காத்திருந்தால் அந்த ஜெபமே பிறந்திருக்காது.

பின்னாலிருந்து தள்ளினார்கள். அதற்குள் சித்தப்பா பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் வசவில்லாமல் அந்தப் பெயர் வந்து எவ்வளவு காலமாயிற்று! அழுகை நிற்கவில்லை. பூசையில் என்ன வாசகம், என்ன பிரசங்கம், எதுவும் நினைவில்லை. நன்றி ஆண்டவரே, நன்றி என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

இறங்கும்போது அம்மா வர்க்கி வாங்கினார், சித்தப்பா வீட்டுக்கும் சேர்த்து. கொண்டுபோய்க் கொடுத்தோம். சித்தி வாங்கிக்கொண்டார், சித்தப்பா அறையைவிட்டு வரவில்லை. அவருக்காக இன்னும் ஜெபிக்கிறோம், நீங்களும் ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள். ஆண்டவர் எங்களை அந்த வாசற்படியை மிதிக்க வைத்தாரே, அதற்கே கோடி ஸ்தோத்திரம். இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!