அரசாணி விதையைக் கொட்டிடாதீங்க

பூசணி விதைக்காக நான் சூப்பர் மார்க்கெட் போவதில்லை, கல்யாண மண்டபத்துக்குத்தான் போகிறேன். எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து விருந்துகளில் அரசாணிக்காய் பெரும்பாலும் ஏதாவது ஒரு வடிவில் இலைக்கு வந்துவிடும். பரங்கி, மஞ்சள் பூசணி என்று மற்ற ஊர்களில் சொல்வதும் இதைத்தான். முந்தின நாள் சாயங்காலமே காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். காயைப் பிளந்து, நடுவில் இருக்கும் சோற்றையும் விதையையும் வழித்து ஒரு அன்னக்கூடையில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அது நேராகக் குப்பைக்குப் போகும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் நான் முதலில் போய்ப் பார்ப்பது சமையல்கட்டைத்தான்.

"அண்ணா, அந்த விதையை மட்டும் கொட்டாம வைங்க, நான் எடுத்துக்கறேன்."

"எதுக்கு அம்மிணி, மாட்டுக்கா?"

வறுத்துத் தின்பதற்கு என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கடையில் பச்சையாக, தோல் இல்லாமல் பாக்கெட்டில் வருவதை மட்டும்தான் பூசணி விதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதிலும் ஒரு வகை நம் விதை மாதிரியேதான், மெஷினில் ஓடு நீக்கியது. இன்னொரு வகைக்கு ஓடே கிடையாது. ஆஸ்திரியா நாட்டின் தென்பகுதியில் இருக்கும் ஸ்டைரியாவில் அப்படி ஒரு பூசணியை எண்ணெய்க்காகவே வளர்க்கிறார்கள். கரும்பச்சையாக இருக்கும் அந்த எண்ணெய்க்கு 1996-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் அரசாணி விதைக்குக் கெட்டியான வெள்ளை ஓடு உண்டு. அதனால் கடை விதையை வறுக்கிற மாதிரி இதை வறுத்தால் ஓடு மரக்கட்டையாகவும் உள்ளே பருப்பு உப்புச் சப்பில்லாமலும் இருக்கும். இதற்கு வழி வேறு.

முதலில் காய். நன்றாக முற்றி, சதை அடர்ந்த ஆரஞ்சாக இருக்கும் பெரிய காயில்தான் விதை தடிமனாக இருக்கும். இளங்காய் விதை வெறும் சப்பி, வறுத்தால் உள்ளே காற்றுதான். சந்தையில் பத்தை போட்டு விற்கும்போது விதையோடு சேர்த்தே எடை போடுகிறார்கள். காசு கொடுத்தாயிற்று, அதையும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

வழவழப்பு போவதற்கு ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டுக் கையால் பிசைந்தால் போதும். விதை மேலே மிதக்கும், நார் கையோடு வந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு விதையாக எடுத்துத் தேய்க்க வேண்டியதில்லை. கொஞ்சம் நார் ஒட்டியிருந்தாலும் வறுபடும்போது அது மொறுமொறுவென்று ஆகிவிடும், எனக்கு அது பிடிக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். வறுப்பதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். ஒரு டம்ளர் விதைக்கு அரை லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். கொதி வந்த பிறகு பத்து நிமிடம். வறுத்த பிறகு மேலே தூவும் உப்பு நாக்கில் ஒரு கணம் தெரிந்துவிட்டு டப்பாவின் அடியில் போய்த் தங்கிவிடும். கொதிக்கும் உப்புத் தண்ணீர் ஓட்டைத் தாண்டிப் பருப்பு வரைக்கும் போகிறது, கூடவே ஓட்டின் விறைப்பும் தளர்கிறது. வேர்க்கடலையை உப்புப் போட்டு அவித்துச் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வடிகட்டிக் காயவையுங்கள். செய்தித்தாளில் மட்டும் பரப்பாதீர்கள், ஒட்டிக்கொண்டு எழுத்தோடு வரும். அகலமான எவர்சில்வர் தட்டு அல்லது முறம் நல்லது. சித்திரை வெயில் என்றால் ஒரு பகலே அதிகம், மார்கழியில் இரண்டு நாள்கூட ஆகும். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஈரத்தோடு அடுப்பில் ஏற்றினால் வறுபடுவதற்குப் பதிலாக ஆவியில் வெந்து, மென்றால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

நான் வறுப்பது இரும்பு வடச்சட்டியில். எண்ணெய் இல்லாமல், அடுப்பைச் சின்னதாக வைத்து, கை விடாமல் கிளறினால் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்போது தீயைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். பிறகு விதைகள் நடுவில் உப்பி, பட் பட்டென்று வெடித்துத் துள்ளும். இரண்டு மூன்று அடுப்பு மேடைக்கு வெளியேயும் போகும். ஒன்றை உடைத்துப் பாருங்கள். பருப்பு லேசாகப் பொன்னிறம் திரும்பியிருந்தால் இறக்கிவிட வேண்டும், சட்டியின் சூட்டிலேயே மீதி வறுபடும். உள்ளே பழுப்பாகும் வரை விட்டால் கசப்பு வந்துவிடும். ஓவன் இருப்பவர்கள் 160 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து நடுவில் ஒருமுறை புரட்டிவிடலாம். நிறம் சீராக வரும். ஆனால் அந்தச் சட்டி வாசனை வராது, நான் சொல்லிவிட்டேன்.

மசாலா எப்போதும் கடைசியில்தான். மிளகாய்த்தூள் ஒரு நிமிடத்தில் கருகிவிடும், அதை ஆரம்பத்திலேயே போட்டு வறுத்தால் வீடு முழுக்க இருமல்தான். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டி சூடாக இருக்கும்போதே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் புரட்டினால் தூள் ஒட்டுவதற்கு ஒரு பிடிப்பு கிடைக்கும். நான் அதிகம் போடுவது இட்லிப்பொடி. அதில் இருக்கிற பருப்பும் மிளகாயும் ஏற்கனவே வறுபட்டவை என்பதால் பச்சை வாசனை என்ற பேச்சே இல்லை, பெருங்காயமும் உள்ளேயே இருக்கிறது. உப்பு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விதையில் ஏற்கனவே இருக்கிறது. மழை நாளில் மிளகும் சீரகமும் பொடித்து நெய்யில் புரட்டுவேன். கறிவேப்பிலையைத் தனியாக மொறுமொறுப்பாக வறுத்து நொறுக்கிப் போட்டாலும் நன்றாக இருக்கும். பிள்ளைகள் ஆம்சூர், அதாவது காய்ந்த மாங்காய்ப் பொடி கேட்கிறார்கள். வெல்லப்பாகு போட்டும் செய்யலாம், ஆனால் அதற்கு ஓடு நீக்கிய விதைதான் சரி. எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

ஓட்டோடு தின்பதா, உரித்துத் தின்பதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் முடிவு வரவில்லை. நான் அப்படியே மென்றுவிடுவேன், ஓட்டில் இருப்பது நார்ச்சத்துதானே. வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டு பல்லால் கடித்து ஓட்டைத் துப்புவார், கூட்டுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்குப் பல்செட். "எனக்கும் ஏதாச்சும் வழி பண்ணு கண்ணு" என்றார். அவருக்காக மசாலா போடாத விதையை வரமிளகாய், பூண்டு, கொஞ்சம் புளியோடு துவையலாக அரைத்தேன். ஓட்டின் நெருடல் தெரியக்கூடாது என்றால் முதலில் விதையை மட்டும் மிக்ஸியில் பொடித்துச் சலித்துவிட வேண்டும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் எள்ளுத் துவையலுக்குப் பக்கத்தில் வருகிறது. "எள்ளு அளவுக்கு வராது, ஆனா பரவாயில்லீங்" என்று அத்தை மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நாம் சதைக்காக வாங்கி விதையைத் தூக்கிப் போடுகிறோம். மெக்சிகோவில் கதையே தலைகீழ். அங்கே ஓஹாகா மாநிலத்தில் உள்ள கிலா நகிட்ஸ் குகையில் கிடைத்த பூசணி விதைகளில் பழையவை ஏறக்குறைய 10,000 வருடம் பழமையானவை. காட்டுப் பூசணியின் சதை மெல்லியது, கடுங்கசப்பு. அந்த மனிதர்கள் விதையைத் தின்னத்தான் அதை முதலில் வளர்த்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்றும் அங்கே வறுத்த விதையை அரைத்துப் பிப்பியான் என்று கெட்டியான குழம்பு வைக்கிறார்கள். அந்தப் பழைய கசப்பு எப்போதாவது நம் காயிலும் தலைகாட்டும். சமைக்கும் முன் ஒரு துண்டு சதையை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் சதை, விதை எதையும் சாப்பிட வேண்டாம், அது வயிற்றைப் புரட்டிவிடும்.

வாட்ஸப்பில் வருகிற மாதிரி இது சர்க்கரை நோயை விரட்டும், அதை விரட்டும் இதை விரட்டும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஓடு நீக்கிய 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் இருக்கிறது, மெக்னீசியமும் தாராளம். கூடவே 50 கிராமுக்குப் பக்கத்தில் கொழுப்பும் இருக்கிறது. ஒரு கைப்பிடி போதும்.

அந்தக் கொழுப்பால்தான் அதிக நாள் வைக்கவும் முடியாது. நன்றாக ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்து நமத்துப் போகும். எண்ணெயும் மசாலாவும் சேர்த்ததை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நிறைய விதை கிடைத்தால் வேகவைத்துக் காயவைத்ததை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வேண்டும்போது வேண்டிய அளவு வறுத்துக்கொள்ளலாம். சிக்கு வாடை வந்ததை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. கோழிக்குப் போடலாமே என்று கேட்பீர்கள். இவ்வளவு உப்புப் போட்டதைக் கோழிக்குப் போடாதீர்கள்.