106 அடித்ததே இல்லை, ஆனாலும் 34 ஹேண்டிகேப்

மூன்று கோல்ஃப் ரவுண்டு ஸ்கோரை ஆப்பில் ஏற்றியதும் என் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (என் ஆட்டத்தின் தரத்தைச் சொல்லும் எண்; குறையக் குறைய நல்லது) 30.5 என்று வந்தது. எங்கோ தப்பு என்றுதான் நினைத்தேன். ஏற்றிய ஸ்கோர்கள் 112, 108, 115. மைதானத்தின் பார், அதாவது தேர்ந்தவர் ஒரு ரவுண்டுக்கு எடுக்க வேண்டிய ஸ்ட்ரோக் (அடி), 72. சராசரியாக 40 ஸ்ட்ரோக் கூடுதல். அப்போது 40 தானே வரவேண்டும்?

அன்று இரவே பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன். அந்த 112 கூட நிஜத்தில் 114. ஒரு பார்-4 ஹோலில் குளத்துக்கு இரண்டு பந்தைக் காணிக்கை கொடுத்து 11 ஸ்ட்ரோக் எடுத்திருந்தேன். இன்னும் ஹேண்டிகேப் கிடைக்காதவருக்கு ஒரு ஹோலில் பாருக்கு மேல் 5 வரைதான் கணக்கு. அதனால் 11, 9 ஆகிவிட்டது.

என்னைக் குழப்பியது ஸ்கோர்கார்டில் இருந்த இரண்டு எண்கள். கோர்ஸ் ரேட்டிங் 71.2: ஹேண்டிகேப் பூஜ்யமாக உள்ள ஆட்டக்காரர் இங்கே அடிக்கக்கூடியது. ஸ்லோப் 128: அவரைவிட என்னைப் போன்றவரை இந்த மைதானம் எவ்வளவு அதிகமாகப் படுத்தும் என்பதன் அளவு. இடைநிலை மைதானத்துக்கு 113 என்று வைத்திருக்கிறார்கள். ஸ்கோரில் ரேட்டிங்கைக் கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். என் 108க்கு 36.8 × 113 ÷ 128, அதாவது 32.5. மூன்றே ரவுண்டு இருந்தால் ஆகக் குறைந்ததை எடுத்து அதிலும் 2 கழிப்பார்கள். 30.5. சரி, ஆப் பொய் சொல்லவில்லை.

இதையே அந்த மைதானத்துக்குத் திருப்பிப் போட்டால் (ஸ்லோப்பால் பெருக்கி, 113ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்து) 34 வருகிறது. 72உம் 34உம் 106. அவ்வளவு குறைவாக நான் அடித்ததே இல்லை!

கூட ஆடும் பெரியவரிடம் புலம்பினேன். சிரித்தார். "இது நீங்கள் வழக்கமாக அடிப்பது இல்லை, நல்ல நாளில் அடிப்பது." 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8க்குத்தான் சராசரி. மற்ற 12 எவ்வளவு கேவலமாக இருந்தாலும் கணக்கில் வராது. அப்புறம் ஒருநாள் 118 அடித்தபோது இண்டெக்ஸ் அசையவே இல்லை.

போன மாதம் 104 அடித்தேன், எனக்கு அது மோசமில்லை. ஆனால் இண்டெக்ஸ் 26.1இலிருந்து 26.6க்கு ஏறியிருந்தது. இந்தமுறை தாள் தேவைப்படவில்லை. இருபதில் ஆகப் பழையதாகவும் சிறந்த எட்டில் ஒன்றாகவும் இருந்த என் 98, பட்டியலை விட்டு வெளியே போயிருந்தது.