பதினெட்டு முடிஞ்ச பிள்ளையை ஆர் பாக்கிறது?

ஏஎல் (உயர்தர) சோதினை முடிஞ்ச கையோட எங்கட வன்னிப் பக்கம் வேலை எடுத்துத் தாறம் எண்டு ஆக்கள் வரத் தொடங்கிடுவினம். விசுவமடு, தர்மபுரம், புதுக்குடியிருப்பு எங்கயும் இதே கதைதான், ஒருத்தர் கொழும்பில புடவைக்கடை வேலை எண்டுவார், இன்னொருத்தர் ஓமான், டுபாய் எண்டுவார், சாப்பாடு தங்குமிடம் எல்லாம் ஃப்ரீயாம். வாறவர் அநேகமா முன்பின் தெரியாத ஆளில்ல, மாமி முறையா இருப்பா, இல்லாட்டி பக்கத்து வீட்டு அண்ணை. அதாலதான் தாய் தேப்பன் ஒரு கேள்வியும் கேக்கிறேல்ல.

பிள்ளை 18 வயசுக்குள்ள எண்டால் ஏதோ ஒரு வேலி இருக்கு. சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அடிக்கலாம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கு, நன்னடத்தை உத்தியோகத்தர் வந்து பாப்பார். 18 முடிஞ்ச அடுத்த நாள் அந்த ஃபைல் மூடுது. பிள்ளை அதே பிள்ளைதானே, ஒரு ராத்திரியில என்ன பெரிசா விளங்கியிருக்கப் போகுது? சிறுவர் இல்லத்தில வளர்ந்ததுகளை நினைச்சால்தான் எனக்கு நெஞ்சு பதறுது, ஒரு பேக், பிளாஸ்டிக் ஃபைலுக்க பிறப்புச் சான்றிதழும் றிசல்ட் சீட்டும், போறதுக்கு ஒரு வீடில்ல. 2009 இல முள்ளிவாய்க்காலால சின்னனாத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையள்தான் இப்ப இந்த வயசில நிக்குதுகள்.

அப்பிடி ஒரு பிள்ளை எனக்கு வாட்ஸப்பில அனுப்பினது, "அக்கா, அவர் விசிட் விசாவிலதான் அனுப்புறாராம், அங்க போய் வேலை விசாவா மாத்தலாமாம், பாஸ்போட்டை இப்பவே தரச் சொல்லுறார்." அந்த ஒரு மெசேஜுக்குள்ளயே எல்லாம் இருக்கு. 2022 இல ஓமானுக்கு விசிட் விசாவில கொண்டுபோன பொம்பிளையளுக்கு என்ன நடந்தது எண்டு பேப்பரில நாறினது ஞாபகம் இருக்கும். உண்மையான வேலை எண்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிவு இருக்கும், ஏஜென்சிக்கு லைசன்ஸ் நம்பர் இருக்கும், பணியகத்தின்ர 1989 இலக்கத்துக்கு அடிச்சால் தமிழிலயே கேக்கலாம். கேட்டால் கோவிக்கிற ஏஜென்டை நம்பவே வேண்டாம். பாஸ்போட்டை ஒருத்தரிட்டயும் விட்டிட்டு வராதேங்கோ.

பெடியள் தப்பிடுவாங்கள் எண்டு நினைக்கிறதும் பிழை. மியன்மாரில கம்ப்யூட்டர் வேலை எண்டு போன இலங்கைப் பெடியள் மியாவடிப் பக்கம் அடைபட்டுக் கிடந்து ஓன்லைன் மோசடி செய்ய வச்சு அடி வாங்கினவை. ஐரோப்பாவுக்கு எண்டு வெளிக்கிட்டு ரஷ்ய ஆமியில போய் நிண்ட எங்கட பெடியளின்ர கதையும் 2024 இல வந்தது. ஊருக்குள்ளயே பாத்தால், ஒரு நல்ல ஃபோனை வாங்கிக் குடுத்து, பிறகு "இந்தப் பாசலை மட்டும் அங்க குடுத்திட்டு வா தம்பி" எண்டு தொடங்கிறாங்கள், பிடிபடுறது பெடியன், குடுத்தவன் இல்லை.

"அவள் விரும்பித்தானே போனவள், 18 தாண்டிட்டுத்தானே" எண்டு எங்கட சனம் சொல்லுறதுதான் எனக்கு ஆத்திரம். தண்டனைச் சட்டக் கோவையில 360சி பிரிவு இருக்கு, ஏமாத்திறதும், ஒருத்தரின்ர பலவீனத்தைப் பயன்படுத்தி வேலைக்கோ பாலியலுக்கோ கொண்டுபோறதும் ஆள்கடத்தல்தான், வயசு 18 எண்டாலும் 40 எண்டாலும். பொம்பிளைப் பிள்ளையள் மகளிர் உதவி இலக்கம் 1938க்கு அடிக்கலாம், பிரதேச செயலகத்தில மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறா, போய்க் கதைக்கலாம்.

வெளிநாட்டில இருந்து இல்லங்களுக்குக் காசு அனுப்புற அண்ணை அக்காமாருக்கு ஒண்டு சொல்லவேணும். பிறந்தநாள் சாப்பாடு நல்லதுதான், ஆனா 18 வயசோட நிப்பாட்டாதேங்கோ. 18 வயசில இருந்து 21 வரைக்கும் ஒரு பிள்ளைக்கு ரூம் வாடகை, ஒரு தொழில்பயிற்சி, பஸ் காசு, கிழமைக்கு ஒருக்கா ஃபோன் எடுத்து "ஆரோட வேலை செய்யிறாய், சம்பளம் கைக்கு வருதோ" எண்டு கேக்கிற ஒரு ஆள், இவ்வளவையும் ஆரும் பொறுப்பெடுக்கிறதெண்டால் எனக்கு எழுதுங்கோ, இல்லத்து ஆக்களோட கதைச்சு ஒழுங்கு செய்யலாம்.