கேள்வி பிள்ளைகளுடையது, எல்லை ஆசிரியருடையது

"பிடித்த தலைப்பில் ஒரு ஆய்வு செய்துகொண்டு வாருங்கள்" என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் என்ன வரும் என்பது சேலத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். தெர்மாகோல் எரிமலை வரும், காற்றாலை வரும், மழைநீர் சேகரிப்பு மாடல் வரும். சில கடையில் வாங்கியவை, சில அப்பாவோ அக்காவோ ராத்திரி உட்கார்ந்து செய்தவை. மற்றவர்கள் இணையத்தில் கிடைத்த நாலு பக்கத்தைப் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து வைப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு, சுதந்திரம் கொடுத்தால் பிள்ளைகள் வீணடிக்கிறார்கள் என்று முடிவு கட்டுவது அநியாயம். அவர்கள் கைக்கு வந்தது தலைப்பு மட்டும்தான். எதை அளப்பது, எதோடு ஒப்பிடுவது, எத்தனை முறை செய்வது, ஒத்துவராத எண்ணை என்ன செய்வது: ஆய்வில் முடிவெடுக்கும் இடங்கள் இவைதான். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை.

அறிவியல் கல்வியில் இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஜோசப் ஷ்வாப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1960களில் சொன்னதை மார்ஷல் ஹெரான் 1971இல் படிநிலைகளாக வகுத்தார். கேள்வி, செய்முறை, விடை ஆகிய மூன்றில் எதை ஆசிரியர் கொடுக்கிறார், எதை மாணவர் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் அளவுகோல். மூன்றையும் கொடுத்தால் அது நம் வழக்கமான செய்முறை வகுப்பு. விடையை மட்டும் மறைத்தால் ஒரு படி மேலே. செய்முறையையும் விட்டால் இன்னொரு படி. கேள்வியையும் விட்டால்தான் முழு ஆய்வு. முதல் படியிலிருந்து பிள்ளைகளை ஒரே நாளில் கடைசிப் படிக்குத் தள்ளுவதால்தான் தெர்மாகோல் எரிமலை வருகிறது. ஆறாம், ஏழாம் வகுப்பில் ஒரே கேள்வியைக் கொடுத்து இரண்டு செய்முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது போதும். எட்டில் செய்முறையை முழுதாக விடலாம். அப்படி வந்த பிள்ளைகள் ஒன்பதில் கேள்வியையும் தாங்குவார்கள்.

அதற்காக எல்லை இல்லாமல் விடக்கூடாது. ஆசிரியர் பிடிவாதமாக வைத்துக்கொள்ள வேண்டியவை நான்கு: காலம், தூரம், செலவு, பாதுகாப்பு. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு பீரியட். வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ நடந்து போகும் தூரம். ஒரு குழுவுக்கு நூறு ரூபாய்க்குள். கெமிக்கல் பட்டறை, குவாரி, ஆழமான நீர்நிலை, சாயத் தண்ணீர் ஓடும் இடம் எதற்கும் போகக்கூடாது. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வீட்டோடு இருக்கும் பிள்ளைகள் சேலத்தில் நிறைய. ஒரு கொலுசு எத்தனை கை மாறுகிறது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அருமையான கேள்விகள். ஆனால் அமிலம் வைத்திருக்கும் இடத்தில் நின்று பார்ப்பதற்கும், யாருக்கு என்ன கூலி என்று கேட்பதற்கும் இடம் கிடையாது. அங்கே வேலை செய்பவர்கள் பெயரையும் நோட்டில் எழுதக்கூடாது. எல்லை இப்படித் தெளிவாக இருந்தால் அதற்குள் பிள்ளைகள் தயங்காமல் நடமாடுவார்கள்.

பருவத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேலம் என்றதும் பாதிக் குழுக்கள் மாம்பழத்தைப் பிடிக்கும். வைக்கோலில் வைத்தால் சீக்கிரம் பழுக்குமா, வாழைப்பழத்தோடு வைத்தால் சீக்கிரமா என்பது நல்ல கேள்விதான். ஆனால் மல்கோவா வரும் மாதத்தில் பள்ளி லீவில் இருக்கும். ஏற்காட்டில் காபிப் பூ மார்ச், ஏப்ரலில், அதுவும் தேர்வு நேரம். ஜூலையில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடியும். அக்டோபரில் தொடங்குவதென்றால் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் தலைப்பைப் பற்றிப் பேசவே கூடாது. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் பார்த்ததில் பத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கேள்வி. "ஏன்" என்று தொடங்கும் கேள்விதான் பெரும்பாலும் வரும், வரட்டும். மூன்றாம் வாரம் அதை எடுத்துச் சலிக்க வேண்டும். இதற்கு எதை எண்ணுவாய், எந்த அலகில்? எதோடு ஒப்பிடுவாய்? மூன்று வாரத்தில் முடியுமா? போனில் தேடினால் ஒரு வரியில் விடை வருமா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். உலகத்துக்குத் தெரிந்த விடையைத் தேடும் பிள்ளை நகல்தான் எடுக்கும். தன் தெருவைப் பற்றிய விடை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, அதனால் அதை அளந்துதான் ஆக வேண்டும்.

சலிக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி நடக்கும்.

"டீச்சர், நாங்க தண்ணீர் மாசு எடுத்துக்கறோம்."

"எந்தத் தண்ணி?"

"எங்க தெரு போர் தண்ணி, டீச்சர். உப்பா இருக்கு."

"எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரியா?"

"இல்ல டீச்சர், இவங்க வீட்டுல கம்மி. சோப்பு நல்லா நுரைக்கும்."

"ஏன் கம்மி?"

"தெரியல. அவங்க போர் ரொம்ப ஆழம்."

இந்த இடத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொள்வதுதான் கடினமான வேலை. "அப்படியானால் ஆழத்தையும் உப்பையும் ஒப்பிடுங்கள்" என்று நாக்கு நுனிவரை வரும். ஒரு நிமிடம் பொறுத்தால் நாலு பேரில் ஒருவர் அதைச் சொல்லிவிடுவார். அப்படி வந்த கேள்வியை அந்தக் குழு கடைசிவரை விடாது.

போர் எத்தனை அடி என்று வீட்டுக்காரர்களுக்கு ஓரளவு நினைவிருக்கும், அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் போட்டது ஆயிற்றே. தண்ணீரை அளக்க இரண்டு வழி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பள்ளிக்கு ஒன்று போதும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை. ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவில் மீட்டர் முனையைப் பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் உப்புத் தண்ணிக்கு அடுத்து அளக்கும் நல்ல தண்ணியும் கூடுதலாகக் காட்டும்.

இரண்டாவது வழி சோப்பு. ஒரு கிராம் குளியல் சோப்பைச் சீவி 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். மூடி போட்ட சிறு பாட்டிலில் 10 மில்லி மாதிரித் தண்ணீர். ஊசி கழற்றிய சிரிஞ்சில் அரை மில்லி அரை மில்லியாகக் கரைசலை விட்டு, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை குலுக்கி, நுரை அரை நிமிடம் நிற்கும் வரை தொடர வேண்டும். எத்தனை மில்லி செலவானது என்பதுதான் கடினத்தன்மையின் அளவு. தவறும் இடங்கள் பழகியவை. துணி துவைக்கும் டிடர்ஜெண்ட் கட்டியையோ ஷாம்பூவையோ எடுத்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரி நுரைக்கும், ஏனென்றால் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரிப்பது போல டிடர்ஜெண்ட்டைத் திரிப்பதில்லை. ஆளுக்கு ஆள் குலுக்கினால் எண் மாறும், அதனால் கடைசிவரை ஒரே ஆள் குலுக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டரையே ஒரு மாதிரியாக வைத்துப் பார்க்காவிட்டால் எது தொடக்க அளவு என்றே தெரியாது.

எந்த வழி என்பதைக் குழு தீர்மானிக்கட்டும். இரண்டையும் செய்யும் குழுவுக்கு நல்ல சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. மீட்டரில் அதிகம் காட்டும் தண்ணீர் சில சமயம் சோப்பில் நன்றாக நுரைக்கும். மீட்டர் தப்பு என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுகிறது, சோப்பு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மட்டும் பிடிக்கிறது. சோடியம் உப்பு மிகுந்த தண்ணீர் கரிக்கும், ஆனால் நுரைக்கும். இதை உடனே விளக்கிவிடாமல், "டிஸ்டில்டு வாட்டரில் சமையல் உப்பைப் போட்டு இரண்டையும் செய்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னால் மறுநாள் அவர்களே விளக்குவார்கள். மக்னீசியத் தாதுவான மக்னசைட்டை வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல் மலையைத் தினமும் பஸ்ஸில் கடக்கும் பிள்ளைகள், அந்த மக்னீசியத்துக்கும் தங்கள் போர் தண்ணிக்கும் தொடர்பிருக்குமா என்று தாங்களாகவே கேட்பதும் உண்டு. அந்தக் கேள்விக்கு ஆறு வாரம் போதாது. நோட்டில் எழுதி வைக்கலாம்.

மலைமேல் பள்ளிகளில் கேள்வி வேறு மாதிரி வரும். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக். அதன் சருகு அப்படியே கிடக்கிறது, பலா இலை சீக்கிரம் மக்கிவிடுகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அளந்து பார்க்கலாம். காய்ந்த இலை 20 கிராம் வீதம் வலைப்பையில் கட்டி ஒரே இடத்தில் மண்மேல் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று வாரம் கழித்து மூன்று மூன்று பையாக எடுத்து நிறுக்க வேண்டும். ஓர் இலைக்கு ஒன்பது பை. ஒரு பையை மட்டும் வைத்துத் திரும்பத் திரும்ப நிறுத்தால் மழையில் நனைந்து 20 கிராம் 35 ஆகி நிற்கும், "இலை வளர்ந்துவிட்டது" என்று நோட்டில் எழுதுவார்கள். மண்ணைத் தட்டி, அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்து, இரண்டு நாள் அடுத்தடுத்து ஒரே எடை காட்டிய பிறகுதான் எண்ணை எழுத வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும், அதாவது 20 கிராமில் நூற்றுக்கு ஐந்து பிசகு. 5 கிராம் இலையில் இந்த ஆய்வைச் செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இதில் வலையைத் தேர்ந்தெடுப்பது பிள்ளைகளின் முடிவு. கொசுவலைத் துணி எடுத்த குழுவுக்கும் வெங்காய மூட்டை வலை எடுத்த குழுவுக்கும் எண்கள் ஒத்துப்போகாது. மண்புழு நுழைய முடியாத பைக்கும் நுழையும் பைக்கும் உள்ள வித்தியாசம் அது. யாரும் சொல்லிக்கொடுக்காத புதிய கேள்வி அங்கே முளைக்கிறது.

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வெப்பநிலை பார்க்கும் ஆசை எல்லா வருடமும் ஒரு குழுவுக்கு வரும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500ஐ ஒட்டி. ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில் 7, 8 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். ஓடும் பஸ்ஸில் எடுத்தால் பஸ்ஸின் சூட்டைத்தான் எடுப்பார்கள். மலைமேல் ஒரு பள்ளி, அடிவாரத்தில் ஒரு பள்ளி, ஒரே நேரத்தில் நிழலில், தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் அளப்பதே நல்ல வழி. அதற்கு முன் இரண்டு தெர்மாமீட்டரையும் ஒரே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பார்க்க வேண்டும், ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

குழு அமைப்பதில் முழு உரிமை கொடுத்தால் யாரும் கூப்பிடாத பிள்ளை ஒன்று கடைசியில் தனியாக நிற்கும். ஜோடியை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், இரண்டு ஜோடியை ஆசிரியர் இணைக்கட்டும். நாற்பது பேர் என்றால் பத்துக் குழு. ஒரு பீரியடுக்கு ஐந்து குழுவோடு ஆறு ஆறு நிமிடம் உட்காரலாம், மற்ற ஐந்தும் வேலையில் இருக்கும். கேள்வியை மாற்ற ஒரே ஒரு முறை அனுமதி, அதுவும் நான்காம் வாரத் தொடக்கம் வரை. சார்ட்டா, சுவர்ப் பத்திரிகையா, பேச்சா என்று முடிவைச் சொல்லும் வடிவத்தையும் அவர்களிடமே விடலாம். பல பள்ளிகளில் இதைத்தான் பெரிய சுதந்திரமாகக் கொடுக்கிறோம், உண்மையில் இருப்பதில் சிறியது இது.

மதிப்பெண்தான் மற்ற எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. இருபது என்றால் கேள்விக்கு 4, திட்டத்துக்கு 4, அன்றன்றைக்குத் தேதியோடு எழுதிய நோட்டுக்கு 6, தவறிய இடத்தையும் அதன் காரணத்தையும் சொன்னதற்கு 3, எடுத்துச் சொன்னதற்கு 3. அழகுக்கு எதுவும் இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாத, ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிய நோட்டைப் பார்த்தால் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும். ஆழத்துக்கும் உப்புக்கும் தொடர்பு தெரியவில்லை என்று முடித்த குழுவுக்கும் இருபதுக்கு இருபது கிடைக்க வழி இருக்க வேண்டும், அதை முதல் வாரமே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். அப்படி எழுதாத வகுப்பில் பிள்ளைகள் எண்ணைத் திருத்துவார்கள்.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடாமல் ஆய்வக அலமாரியில் வைத்திருப்பது நல்லது. அடுத்த வருடத்துக் குழு ஒன்று அதே தெருவின் போர்களை மறுபடி அளக்க விரும்பலாம், அதுவும் அவர்கள் தேர்ந்தெடுத்த கேள்விதான். அப்போது எந்த வீடு, எந்த மீட்டர், மழைக்கு முன்னா பின்னா என்ற மூன்றும் பழைய நோட்டில் இருந்தால்தான் அவர்களுக்கு உதவும்.