அச்சன்கோவில் அரசன் முடித்துவைத்த நிச்சயம்

நிச்சயதாம்பூலம் நல்லபடியாக முடிந்தால், தாமதிக்காமல் என்னையும் எனக்கு நிச்சயமானவரையும் மலைக்காட்டில் இருக்கும் அச்சன்கோவிலுக்குக் கூட்டிவந்து, அங்கே அரசனாக வீற்றிருக்கும் ஐயப்பனுக்கும் பூர்ணா புஷ்கலா தேவியருக்கும் பட்டும் மாலையும் சாத்துகிறேன் என்று ஆச்சி வேண்டியிருந்தாள். கார்த்திகை மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அவர் மஸ்கட் திரும்ப டிக்கெட்டும் போட்டாயிற்று. கல்யாணத்துக்கு அப்புறம் போகலாமே என்று அம்மா இழுத்தாள். "நேர்ச்சைக் கடனை வச்சிக்கிட்டு பிள்ளை பிளேன் ஏறக் கூடாது" என்று ஆச்சி சொல்லிவிட்டாள். அதற்குமேல் எங்கள் வீட்டில் யார் பேசுவது?

எங்களைச் சேர்த்துவைத்ததே அந்த அரசனின் திருவாபரணப் பெட்டிதான். கேரளத்துப் புனலூரில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. மார்கழித் திருவிழாவுக்காகப் புனலூர் கருவூலத்திலிருந்து பெட்டி புறப்படுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அங்கிருந்து ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகத் தென்காசி போய், அப்புறம்தான் மலையேறும். ஐயப்பனின் தெய்வ மலையான காந்தமலையிலிருந்து வந்ததாகச் சொல்லும் தங்க வாளும் அதோடு வரும். ஒரு வருஷம், தென்காசியில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆச்சி ஆசைப்பட்டாள். காசி விசுவநாதர் கோயில் வாசலில் எப்போதும் அடிக்கும் அந்தக் காற்று, துப்பாக்கி ஏந்திய போலீஸ் காவல், சரண கோஷம். பெட்டி வந்ததும் கூட்டம் மொத்தமாக முன்னால் சாய்ந்தது. என் கை நழுவி ஆச்சி கீழே விழப்போனாள். பக்கத்தில் நின்ற ஒருவர் அவளைத் தாங்கிப் பிடித்து, கடை ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

"யாரு வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்று ஆச்சி ஆரம்பித்தாள். கடையநல்லூர், மஸ்கட்டில் வேலை, லீவுக்கு வந்திருக்கிறார், அம்மாவுக்குச் செங்கோட்டை. அது போதும் ஆச்சிக்கு. எந்தத் தெரு, எந்த வீடு என்று தாத்தா காலம் வரை போய்விட்டாள். ஆச்சி பிறந்தபோது செங்கோட்டையே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தக் காலத்து ஆட்களில் அவளுக்குத் தெரியாதவர்கள் குறைவு. கிளம்பும்போது, "நீ எடுத்த பெட்டி போட்டோவை என் பேத்தி போனுக்கு அனுப்பு" என்றாள். அப்படித்தான் என் நம்பர் அவரிடம் போனது.

பெட்டி போட்டோவுக்குப் பின்னால் ஒரு வணக்கம் வந்தது. பிறகு ஒரு குரல் பதிவு. அப்போது மஸ்கட்டில் வாட்ஸ்அப்பில் அழைத்தால் எடுக்காது. ஆகவே எங்கள் பேச்செல்லாம் பதிவுகள்தான். அவர் சொன்னதை நான் கேட்டு, யோசித்து, பதில் பேசி அனுப்புவேன். நேரில் பார்த்திருந்தால் கூட இவ்வளவு நிதானமாகப் பேசியிருக்க மாட்டோம். மஸ்கட் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே வீடு அடங்கிப் பதினொரு மணி ஆகும்போது அங்கே ஒன்பதரை, அவர் சாப்பிட்டு முடித்திருப்பார். அங்கே வெயில் கொளுத்தும் மாதங்களில், "மழைச் சத்தம் மட்டும் அனுப்பு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்பார். ஜன்னல் பக்கம் போனை வைத்துப் புனலூர் மழையைப் பிடித்து அனுப்புவேன். வெள்ளிக்கிழமை விடுமுறையில் பழைய மஸ்கட்டில் இருக்கும் சிவன் கோயிலுக்குப் போய், எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டதாகச் சொல்வார். லீவில் வரும்போது அப்பா கடைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, என்னைத் தூரத்தில் பார்த்துவிட்டு மட்டும் போன நாள் உண்டு.

வீட்டில் சொன்னபோது எளிதாக முடியவில்லை. ஜாதகத்தில் சர்ப்ப தோஷம் என்று அவர் வீட்டில் தயக்கம். கடல் தாண்டிப் பெண்ணை அனுப்புவதா என்று அப்பாவுக்குக் கோபம். அப்போதுதான் ஆச்சி நேர்ந்துகொண்டாள். சர்ப்ப தோஷம் என்றால் அச்சன்கோவில் அரசனைத் தவிர வேறு யாரிடம் போவது? வயலில் தாத்தாவைப் பாம்பு தீண்டியபோது ராவோடு ராவாக அங்கேதான் தூக்கிக்கொண்டு போனார்கள். நள்ளிரவிலும் அதற்காக நடை திறப்பார்கள். அவன் கைச் சந்தனத்தில் தாத்தா பிழைத்தார் என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை. இன்று முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறோம். அந்த மருந்தும் அவன் கொடுத்ததே. ஆச்சி வேண்டிக்கொண்ட மறு மாதம் அவருடைய அம்மா முன்னறிவிப்பில்லாமல் புனலூருக்கு வந்தார். என்னைப் பார்த்தார், சாப்பிட்டார், "பூ எப்ப வைக்கலாம்?" என்று அப்பாவிடம் கேட்டார்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கோட்டையில் வேன் பிடிக்கப் போனால், மாலை போட்ட சாமிமார்களைக் கண்டதும் ஒன்றுக்கு இரண்டாக வாடகை கேட்கிறார்கள். விரதம் இருப்பவர்களிடம் இப்படிப் பிடுங்க எப்படி மனசு வருகிறதோ. பண்பொழித் திருமலைக் குமரனைக் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு மேக்கரை தாண்டினோம். கோட்டைவாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னும் பின்னும் வண்டிகள், மேலே மழை, இரண்டு பக்கமும் காடு. உச்சபூஜைக்குப் பிறகு நடை அடைத்துவிட்டால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். ஆச்சி வேனுக்குள் கண்ணை மூடி "கருப்பா, வழி விடுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாமிமார்கள் இறங்கி, அரிவாளும் கயிறுமாக, சரணம் சொல்லிச் சொல்லியே கிளைகளைக் கழித்து மரத்தை உருட்டினார்கள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அப்பா வேன் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை வைத்துவிட்டு அப்பாவும் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தார். எங்கள் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவரிடம் அளந்தே பேசிவந்த அப்பா, "மாப்ளே, அந்தப் பக்கம் வழுக்கும், பாத்து" என்றார். நிச்சயத்தன்று கூட அப்பா வாயில் அந்த வார்த்தை வரவில்லை.

கோயிலில் கூட்டம் சொல்லி முடியாது. சீக்கிரம் தரிசனம் பண்ணிவைக்கிறேன் என்று ஒருவர் அப்பாவின் பின்னாலேயே வந்தார். படியில் நின்று செல்போனில் படம் பிடிப்பவர்கள் வேறு. வயதானவர்கள் வரும் இடம், கொஞ்சம் ஒதுங்கி நிற்கக் கூடாதா?

நாங்கள் சன்னிதி முன்னால் போய் நிற்கும்போது நைவேத்தியத்துக்குத் திருநடை சாத்தியிருந்தது. ஆச்சிக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். அவர் மார்பில் மழைத் தண்ணீர் இன்னும் காயவில்லை, முழங்கையில் மரப்பட்டை கிழித்த சிராய்ப்பு. கேட்பதற்கு என்னென்னவோ மனசில் வரிசை போட்டு வைத்திருந்தேன். விசா, வேலை, அம்மாவின் மூட்டுவலி, இந்தத் தூரம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று. மணி அடித்தது, நடை திறந்தது. தீபம் மேலே எழும்பியதும் அரசனின் முகமும், இரண்டு பக்கமும் தேவியரும், நாங்கள் கொண்டுபோன பட்டும் தெரிந்தன. எனக்கு ஒன்றும் கேட்க வரவில்லை. பூர்ணாவும் புஷ்கலையும் கூடவே இருக்க அவன் வீற்றிருக்கும் அந்த நிறைவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணீர் அது பாட்டுக்கு வந்தது. ஆச்சி என் கையைப் பிடித்திழுத்து அவர் கைமேல் வைத்து, "உன் பெட்டி கொண்டுவந்த பிள்ளை, நீயே பாத்துக்கோ" என்று சத்தமாகச் சொன்னாள். வரிசையில் நின்ற மலையாளத்து அம்மா ஒருவர், என்ன ஏதென்று தெரியாமலே, சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேல்சாந்தி இலையில் தந்த சந்தனத்தை ஆச்சி முதலில் அவர் சிராய்ப்பில் தடவினாள், மிச்சத்தை என் நெற்றியில் வைத்தாள்.

என் அரசே, கூட்டத்தில் ஆச்சியைத் தள்ளியதும் நீ, தாங்கியதும் நீ. மரத்தைப் போட்டு எங்கள் அப்பாவை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதும் நீதான். இதற்கு நான் எந்தப் பட்டைச் சாத்தி ஈடுகட்டுவேன்?

வைகாசியில் முகூர்த்தம். அவர் மஸ்கட் போய்ச் சேர்ந்து அனுப்பிய முதல் குரல் பதிவு எனக்கு வரவில்லை, அப்பாவுக்குப் போயிருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் வரும் மார்கழியில் இரண்டு பேரும் வந்து தேர் வடம் பிடிப்போம் என்று ஆச்சி அங்கேயே அடுத்த நேர்ச்சையையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். லீவுக்கு இப்போதே எழுதிப் போடச் சொல்லியிருக்கிறேன். சுவாமியே சரணம் ஐயப்பா.