மலையோடு கட்டிய ஊர்

கடைசி வளைவு திரும்பியதும் பாறைதான் முதலில் தெரிந்தது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, அதன் காலடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். இத்தாலியின் சார்டீனியாத் தீவில், கிழக்குப் பக்கம், ஒல்யாஸ்திரா மலைப்பகுதியில், 1,500 பேர்கூட இல்லாத ஊர் உலஸ்ஸாய். கால்யாரி நகரத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்ததில் அரை நாள் போய்விட்டது. இறங்கியதும் அண்ணாந்து பார்த்தேன். பாறை உருண்டால் முதல் தெரு எதுவாக இருக்கும் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. இங்கே பிறந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தொட்டில் பழக்கமாகவே இருந்திருக்கும்.

மரியா லாய் பிறந்த ஊர் இது. 1919-இல் பிறந்து 2013-இல், தம் 93-ஆம் வயதில் மறைந்தவர். ஓவியர், சிற்பி, நெசவு, தையல், ரொட்டி மாவு, களிமண், நாடகம் என்று கைக்குக் கிடைத்த எதையும் விடாதவர். தையல் தெரிந்தவள் நான். அவருடைய தைத்த புத்தகங்களின் படங்களைப் பார்த்த நாளிலிருந்து இந்த ஊருக்கு வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஊருக்குச் சற்று வெளியே பழைய ரயில் நிலையம் இருக்கிறது. 1950-களிலேயே ரயில் நின்றுபோன பாதை. அந்தக் கட்டடங்களில்தான் 2006 முதல் அவருடைய அருங்காட்சியகம் இயங்குகிறது. கலை நிலையம் என்று பெயர். தம் படைப்புகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அவரே ஊருக்குக் கொடுத்திருக்கிறார்.

தைத்த புத்தகத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். துணிப் பக்கங்கள். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு நூல், வரிவரியாக. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அவசரமாக எழுதிய கடிதம். கிட்டே போனால் ஒரு எழுத்துகூட எழுத்து இல்லை, எல்லாம் தையல். வரி முடிகிற இடத்தில் நூலை முடிச்சுப் போட்டு வெட்டவில்லை, அப்படியே தொங்க விட்டிருக்கிறார். என் கைக்கு அந்த நுனிகளை வெட்டிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. தையற்காரியின் பழக்கம் அது. சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது, பேச்சு முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் நூல் தொங்குகிறது. இழைக்கும் புத்தகத்துக்கும் நூல் என்ற ஒரே சொல்லை வைத்திருப்பது நம் மொழி. இந்தப் பெண்மணிக்கு அது தெரிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

சிறுவயதில் உடல்நலம் குன்றிய பிள்ளை. குளிர்காலங்களில் சித்தப்பா, சித்தி போன்ற உறவினர் வீட்டில், மலைக்குக் கீழே வளர்ந்தார். பள்ளிக்கூடம் தாமதமாகத்தான் வாய்த்தது. அதற்குள் சுவரில் கரியால் வரையக் கற்றுக்கொண்டுவிட்டார். கால்யாரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எழுத்தாளர் சல்வத்தோரே கம்போசு. சொல்லின் தாளத்தை அவரிடம் கற்றார். போர்க்காலத்தில் வெனிஸ் கலைக் கல்லூரியில் சிற்பி ஆர்த்தூரோ மர்த்தீனியிடம் படித்தார். பிறகு ரோம். 1957-இல் அங்கே கண்காட்சி வைத்தவர், அதன்பின் ஏறத்தாழ பத்தாண்டு எதையும் காட்சிக்கு வைக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகு, 1960-களின் கடைசியில், நெசவுத்தறிகளோடு திரும்பி வந்தார். துணி நெய்யாத தறிகள். கட்டையும் நூலும் துணித் துண்டுகளும் சேர்த்து அவரே கட்டியவை.

ஆனால் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது 1981 செப்டம்பரில் நடந்த ஒரு காரியம்.

போரில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் செய்து தரும்படி ஊராட்சி அவரிடம் கேட்டது. இறந்தவர்களுக்கு வேண்டாம், உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வோம் என்றார் அவர். கையில் எடுத்தது ஊரில் எல்லாரும் அறிந்த ஒரு பழங்கதை. மேய்ப்பர்களுக்கு ரொட்டி கொண்டு மலைக்குப் போகிறாள் ஒரு சிறுமி. புயல் வருகிறது, எல்லாரும் குகையில் ஒதுங்குகிறார்கள். வானத்தில் ஒரு நீல நாடா பறக்கிறது. அதைப் பிடிக்க அவள் வெளியே ஓடுகிறாள். அந்த நேரம் பார்த்துக் குகை இடிந்து விழுகிறது. நாடாவின் பின்னால் ஓடியவள் மட்டும் பிழைக்கிறாள்.

அந்த நாடாவால் ஊர் முழுவதையும், வீட்டுக்கு வீடு கட்டி, கடைசியில் மலையோடு இணைப்பதுதான் திட்டம். ஊர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பேசிப் பேசி ஒன்றரை ஆண்டு ஓடியது. தடை பணம் அல்ல, பகை. பேச்சுவார்த்தை இல்லாத அடுத்த வீட்டோடு எப்படி ஒரே நாடாவில் கட்டிக்கொள்வது?

அவர் கண்ட வழியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. பகை இருக்கும் இடத்தில் நாடா முடிச்சு இல்லாமல் நேராகப் போகட்டும். நட்பு இருந்தால் முடிச்சு. அன்பு இருந்தால் அந்த முடிச்சில் ஒரு ரொட்டி. திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் பூவேலை செய்து சுடும் ரொட்டி. சமாதானம் ஆகுங்கள் என்று அவர் யாரையும் கெஞ்சவில்லை, பகையை மூடி மறைக்கவும் இல்லை. சுமார் 27 கிலோமீட்டர் நீல ஜீன்ஸ் துணி ஜன்னல், கதவு, மாடி என்று தெருத்தெருவாக ஓடியது. இறுதியில் மலையேறுபவர்கள் அதை ஊருக்கு மேலே நிற்கும் ஜெதிலி மலை உச்சிக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

அருங்காட்சியகத்தில் பியேரோ பெரெங்கோ கார்தின் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் நாடாவுக்கு மட்டும் மரியா லாய் பிற்பாடு தம் கையாலேயே நீல வண்ணம் தீட்டியிருக்கிறார். சாம்பல் நிறச் சுவர்கள், கறுப்பு உடுத்திய கிழவிகள், நடுவே அந்த ஒரு நீலம். கறுப்புப் பாவாடையோடு ஒரு பெண் மாடியிலிருந்து எட்டி நாடாவை வாங்குகிற படத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

மாலையில் ஊரின் பழைய சலவைக்கூடத்துக்குப் போனேன். பெண்கள் துணி துவைத்த கல்தொட்டிகளுக்கு மேலே, கூரையையே தறியாக்கியிருக்கிறார் மரியா லாய், 1982-இல் செய்தது. உள்ளே சிற்பி கொஸ்தந்தீனோ நீவொலா செய்த நீரூற்று ஒன்றும் இருக்கிறது. தண்ணீரே அதற்குக் குரல். அங்கே நின்ற கால் மணி நேரம் வேறு யாரும் வரவில்லை. கைகள் தண்ணீரிலும் கண்கள் மேலே நூலிலுமாக நின்றிருக்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

இரவு உணவுக்குக் குலுர்ஜோனெஸ். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் புதினாவும் வைத்து மூடிய மாவு உருண்டை, இந்த வட்டாரத்துப் பலகாரம். மூடும் ஓரத்தைக் கோதுமைக் கதிர் போல, மாற்றி மாற்றி விரலால் மடிக்கிறார்கள். தட்டிலும் தையல்தான் கண்ணில் பட்டது.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மேல்தெருவில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த ஒரு பாட்டியிடம் அரைகுறை இத்தாலிய மொழியில் நாடாவைப் பற்றிக் கேட்டேன். எழுந்து வந்து தம் வீட்டு மாடிக் கம்பியைக் காட்டினார்: இங்கே முடிச்சு. எதிர்வீட்டு ஜன்னலைக் காட்டினார்: அங்கே ரொட்டி, என் அக்கா வீடு. பிறகு இடது பக்கத்து வீட்டைக் காட்டி, கையை நேராக ஒரு கோடு போல இழுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வீட்டு வாசலில் சிவப்பு ஜெரேனியத் தொட்டிகள் இரண்டு இருந்தன. கீழே பஸ் ஹாரன் கேட்டது. ஓடு, ஓடு என்று பாட்டி கையசைத்தார்.