மனச்சோர்வு சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் வாங்கிய கதை

கடுமையான மனச்சோர்வுக்காக என் கணவரைத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வீடு திரும்பியதும் காப்பீட்டு நிறுவனத்திடம் செலவைக் கேட்டு விண்ணப்பித்தேன். பாலிசி என் பெயரில்; குடும்பம் முழுவதற்குமானது. மனநோய்க்கான சிகிச்சை இதில் அடங்காது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

"விட்டுவிடும்மா, நாலு பேருக்குத் தெரிந்தால் நமக்குத்தான் அசிங்கம்" என்றார் மாமியார். எனக்கோ ஆத்திரம். இதே மனிதருக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது இதே நிறுவனம் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தது.

2018 மே 29 முதல் நடப்பில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதை வலியுறுத்தி எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. இரண்டையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். கண்ணீர்க் கதை எதுவும் சேர்க்கவில்லை.

அடுத்த கடிதத்தில் பழைய காரணம் காணாமல் போய், புதியது முளைத்திருந்தது. பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்திருக்கலாமாம். கணவரின் மனநல ஆலோசகர் எழுதிய குறிப்புகள் முழுவதையும் அனுப்ப வேண்டுமாம். அவற்றில் கணவருடைய அப்பாவைப் பற்றி, என்னைப் பற்றி, நானே கேட்டிராதவை எல்லாம் இருக்கும். பணம் வேண்டும்தான். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் அவர். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "நோய் எப்போது தொடங்கியது, என்ன சிகிச்சை, அவ்வளவுதான் அவர்களுக்கு. மற்றது எனக்கும் ஆலோசகருக்கும் இடையில்" என்றார். ரகசியம் காக்கப்படும் உரிமையை அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு தருகிறது. எனவே அந்த இரண்டு விவரங்களை மட்டும் டாக்டரிடம் சான்றிதழாக வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியுடன் அனுப்பினோம். பாலிசியோ தடைபடாமல் பல ஆண்டுகளாக ஓடுவது. 60 மாதங்கள் தொடர்ந்து பிரீமியம் கட்டியிருந்தால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, முன்பே இருந்த நோயை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. அதையும் எழுதினேன்.

நிறுவனம் அசையவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) போனோம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. எனக்கு அது வசதியாகவே போயிற்று. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். பதிலே வராவிட்டால் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம்.

விசாரணை வீடியோவில் நடந்தது. "வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டிருக்கலாமே, சேர்த்திருக்க என்ன அவசியம்?" என்றார் நிறுவன அதிகாரி. டைபாய்டு நோயாளியிடம் இப்படிக் கேட்பீர்களா என்றேன். உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்ன டாக்டரின் கடிதத்தையும் காட்டினேன். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது, பணமும் வந்தது.

வந்தது படுக்கையில் இருந்த நாட்களுக்கு மட்டும். மனச்சோர்வுக்கான சிகிச்சை பெரும்பாலும் புறநோயாளியாகத்தான் நடக்கிறது. எங்கள் பாலிசியில் அதற்கு இடமில்லை. சட்டத்தைக் காட்டியும் பயனில்லை, சர்க்கரை நோய்க்கான மாத்திரைக்கும் அவர்கள் தருவதில்லையே. மாத்திரைகளை இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாக வாங்கிக்கொள்கிறோம். ஆலோசகருக்குக் கைப்பணம்தான்.